ஆற்றைக் காப்பவர்கள் யார்?



"ஆற்றுப் பாதுகாப்புக் குழு" என்னும் பெயரை இப்போது அடிக்கடி கேட்கிறோம். நாளிதழில் ஒரு படம் வருகிறது. பத்துப் பதினைந்து பேர் கையுறை அணிந்து, ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குகிறார்கள். நல்ல செயல்தான். ஆனால் படம் எடுத்து முடிந்த மறுநாள் அந்தக் குழு என்ன செய்கிறது? அதை நடத்துகிறவர்கள் யார்? அவர்களால் உண்மையிலேயே ஓர் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மம்சாபுரம், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் வாழும் நமக்கு இந்தக் கேள்விகள் தூரத்துக் கேள்விகள் அல்ல.

நம் மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். அது ஓடைகளாக இறங்கி, கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, சிற்றாறுகளாகச் சேர்ந்து வைப்பாறு என்னும் பெயரைப் பெறுகிறது. அந்த ஆறு வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் என்று கிழக்கே நடந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே ஆற்றின் பெயரையே தாங்கிய வைப்பாறு என்னும் கடற்கரை ஊரிலும், அருகிலுள்ள சிப்பிகுளத்திலும் நம்மைப் போன்ற பங்குமக்கள் மீன்பிடித்து வாழ்கிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் நாம் தலைமடைக்காரர்கள், அவர்கள் கடைமடைக்காரர்கள். நாம் தடுத்தால் அவர்களுக்கு நீர் இல்லை. நாம் கெடுத்தால் அவர்களுக்கு நல்ல நீர் இல்லை. ஆற்றைக் காப்பது என்பதை விளங்கிக்கொள்ள இந்தத் தலைமடை, கடைமடை என்னும் இரண்டு சொற்களே போதுமானவை.

பழைய காவலர்கள்

ஆற்றுக்கும் கண்மாய்க்கும் காவல் வைப்பது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. தென் மாவட்டங்களில் நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் அழைக்கப்பட்ட பணியாளர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது, பஞ்ச காலத்தில் எந்த வயலைக் காப்பாற்றுவது என்பதை அவர்கள் முறைப்படுத்தினார்கள். நள்ளிரவில் கரை உடைந்தால் முதலில் ஓடியவர்களும் அவர்களே. அறுவடையின்போது களத்துமேட்டில் கிடைத்த நெல்லே அவர்களுக்குக் கூலி. கண்மாயைத் தூர்வாருவதும் வரத்துக் கால்வாயைச் சீர்படுத்துவதும் ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்துப் பணியாக இருந்தன.

இந்த ஏற்பாட்டில் குறைகளும் இருந்தன. மடை திறக்கும் உழைப்பு ஒரு சமூகத்திடமும், நிலமும் அதிகாரமும் வேறு சமூகங்களிடமும் இருந்தன. ஆகவே பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீருக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டால், விரல்நீட்டிக் காட்ட ஓர் ஆள் இருந்தார். பிறகு அந்தப் பொறுப்பு அரசுத் துறைகளின் கைக்குப் போனது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் பலருக்குக் கண்மாயின் நினைவே போய்விட்டது. பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்கும் பங்கு தரும் சட்டத்தைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் இயற்றியது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டமும் வந்தது. சட்டமும் பணமும் வந்தன. பொறுப்பேற்கும் ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருக்கிறது.

அத்தகைய ஆட்கள் கிடைத்த சில இடங்களைப் பார்ப்போம். வெவ்வேறு ஆறுகளில் அவர்கள் வெவ்வேறு வழிகளில் வேலை செய்தார்கள்.

விதி வகுத்தவர்கள்

இராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டம் வறண்ட பகுதி. 1985-இல் தருண் பாரத் சங்கத்தைச் சேர்ந்த இராஜேந்திர சிங் அங்குள்ள கோபால்புரா என்னும் ஊருக்குச் சென்றார். படிப்பும் மருந்தும் தரலாம் என்று போனவரிடம், தண்ணீருக்கு வழி செய் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். 'ஜோஹட்' என்று அவர்கள் அழைக்கும் மண்கரைக் குளங்களை ஊரார் மீண்டும் வெட்டத் தொடங்கினார்கள். நம் கண்மாய் போன்றதே அது. மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகள் ஊறின. சில ஆண்டுகளில், மழைக்காலத்தில் மட்டும் ஓடிய அர்வாரி ஆறு ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது.

கதை இங்கே முடியவில்லை. ஆற்றில் நீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும், 1996-இல், அரசு மீன்பிடி உரிமையை ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது. ஊரார் எதிர்த்து நின்று அதை நிறுத்தினார்கள். ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது: உயிர்பெற்ற ஆறு யாருடையது? அதற்கு விடையாக 1999-இல் ஏறத்தாழ 70 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடி 'அர்வாரி ஆற்று நாடாளுமன்றம்' ஒன்றை அமைத்தார்கள். ஆண்டுக்கு இருமுறை கூடுவது, கரும்பு, நெல் போன்று நீரை அதிகம் குடிக்கும் பயிர்களுக்குக் கட்டுப்பாடு, ஆற்றிலிருந்து நேரடியாக நீர் இறைப்பதற்குக் கட்டுப்பாடு என்று அவர்களே விதிகளை வகுத்தார்கள். அந்த நாடாளுமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை. தனக்கு இலாபம் தரும் பயிரை, கீழேயுள்ள ஊரை நினைத்து விட்டுக்கொடுக்க ஒரு விவசாயி ஒப்புக்கொண்டதே அதன் அதிகாரம். இராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மகசேசே விருதும், 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன. விருது ஒருவர் பெயருக்கு வந்தாலும், குளம் வெட்டிய கைகள் ஆயிரக்கணக்கானவை.

எண்ணிக் காட்டியவர்கள்

நம் மாநிலத்துப் பாலாற்றின் கதை வேறு விதமானது. தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவுநீர் வயல்களிலும் ஆற்றிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டவை வெறும் கண்ணீர்க் கதைகள் அல்ல, கணக்குகள். தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. இதே தொழில் நடந்த திண்டுக்கல் பகுதியில் தன்னார்வலர்கள் 13 கிராமங்களுக்குச் சென்று கிணறு கிணறாகப் பார்த்தார்கள். மொத்தம் 467 கிணறுகள். அவற்றில் 350 கெட்டுப்போயிருந்தன.

1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துகிறவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் அது எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் பின்னால், வெயிலில் ஒவ்வொரு கிணற்றடிக்கும் நடந்து, எட்டிப்பார்த்து, குறிப்பேட்டில் எழுதிய பெயர் தெரியாத சிலர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அதோடு, தீர்ப்பு வந்தவுடன் ஆறு தூய்மையாகிவிடவும் இல்லை. அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீடு குறித்தும் கண்காணிப்புக் குழு குறித்தும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

கடைமடையிலிருந்து வந்த வழக்கு

ஆற்றைக் காப்பதில் உள்ள உண்மையான வேதனையை நொய்யல் நமக்குக் காட்டுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கரூர் வரையிலான வயல்களுக்கு நீர் தருவதே அதன் நோக்கம். ஆனால் அணையில் வந்து நின்றது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர்.

சாயக் கழிவு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது? பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க ஏராளமான உப்பு சேர்க்கிறார்கள். சாயம் துணியில் தங்குகிறது. உப்பு நீரோடு வெளியேறுகிறது. சாதாரண சுத்திகரிப்பில் நிறத்தை ஓரளவு நீக்கலாம், கரைந்த உப்பு போகாது. அந்த நீரைப் பாய்ச்சினால் மண் இறுகுகிறது. ஈரம் இருந்தும் வேர் உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. தென்னை குலை தள்ளுவதை நிறுத்துகிறது. கிணற்று நீரைக் கால்நடைகூட முகர்ந்துவிட்டு விலகுகிறது. நீரைத் தேக்குவதற்குக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே வேண்டும் நிலை உருவானது.

இதை எதிர்த்தவர்கள் பெரிய செல்வாக்கு உடையவர்கள் அல்லர். ஆற்றின் கடைசியில் இருந்த பாசனதாரர்கள். கரூர்ப் பகுதி நொய்யல் கால்வாய் விவசாயிகள் 1996-இலேயே உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை தண்டத்தொகை கட்டவும், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலைக்கு மாறவும் கெடு விதித்தது. ஆலை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகளின் பக்கம் நின்றது. அதன்பின்னும் நிலைமை மாறாததால் சங்கம் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு தொடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

விவசாயிகள் வென்றார்கள். ஆனால் அன்று மாலையே பட்டறைகளில் வேலை செய்தவர்கள் கூலியை இழந்தார்கள். அவர்களும் ஏழைகள். பலர் நம் தென் மாவட்டங்களிலிருந்து, மழை பொய்த்ததால், பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். வறண்ட வயலை விட்டு ஓடியவர் சாயத்தொட்டியில் வேலை செய்தார். அந்தத் தொட்டியின் நீர் இன்னொருவர் வயலைக் கெடுத்தது. யாரைக் குற்றவாளி என்பது? பஞ்சாலைகளையும் மருத்துவத் துணி நெசவையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழும் இராஜபாளையம், சத்திரப்பட்டிப் பகுதிகளில் இந்தக் கேள்வியின் கனம் எல்லாருக்கும் விளங்கும். ஒரே வீட்டில் அண்ணன் வயலில் இருப்பார், தம்பி ஆலையில் இருப்பார்.

வழி மெல்லப் பிறந்தது. கழிவுநீரை மென்சவ்வுகளின் வழியே அழுத்திப் பெரும்பகுதி நீரை மீட்டு மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்துவது, எஞ்சிய உப்புக்கரைசலைக் காய்ச்சி உப்பைத் தனியே எடுப்பது என்னும் முறைக்குப் பட்டறைகள் மாறின. தமிழக அரசு 2011-இல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. செலவு கூடியது, முடியாதவர்கள் தொழிலை விட்டார்கள். ஆனால் ஆற்றைக் கெடுக்காமலும் சாயத்தொழில் நடக்கும் என்பது நிரூபணமாயிற்று. கெட்ட மண் மட்டும் அத்தனை விரைவில் ஆறவில்லை. மண்ணுக்குள் இறங்கிய உப்பைக் கழுவிப் போக்குவது மழைதான். மழைக்கு நீதிமன்றம் நாள் குறிக்க முடியாது.

விலை கொடுத்தவர்கள்

ஆற்று மணலைக் காப்பது இன்னும் ஆபத்தானது. மணல்தான் ஆற்றின் பஞ்சு. வெள்ளம் ஓடும்போது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கரையோரக் கிணறுகளுக்குக் கசியவிடும். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துப் பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தடை விதித்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. அதை ஆற்றங்கரையில் செயல்படுத்த வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர்.

அப்படி ஒருவர் லூர்து பிரான்சிஸ். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் பணியாற்றிய அவர், தாமிரபரணியில் நடந்த மணல் திருட்டைப் பற்றிக் காவல்துறையில் புகார் செய்தார். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் எந்த ஆற்றுப் பாதுகாப்புக் குழுவிலும் இருந்ததாகச் செய்தி இல்லை. தம் கடமையைச் செய்தார், அவ்வளவுதான். இத்தகைய ஓர் அலுவலர் புகார் எழுதும்போது, அவரோடு சேர்ந்து கையெழுத்திட ஊரில் ஐம்பது பேர் இருந்தால் அவர் தனியாள் ஆகமாட்டார். ஆற்றுக் குழுக்கள் இருக்க வேண்டியதன் முதன்மையான காரணம் இதுவே.

நம் ஊருக்கு இவை சொல்வது என்ன?

இந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆற்றுக் குழுவை நடத்துகிறவரிடம் வேண்டிய குணங்கள் தெளிவாகின்றன. முதலாவது, பொறுமை. நொய்யலில் முதல் வழக்கிலிருந்து மூடும் ஆணைவரை 15 ஆண்டுகள் ஆயின. இரண்டாவது, குறிப்பெழுதும் பழக்கம். எந்த நாளில் நீர் வந்தது, எந்த நிறத்தில் வந்தது, எந்தக் கிணறு உவர்த்தது என்பதைத் தேதியோடு எழுதி வைத்தால் அதுவே நாளை சாட்சி. மூன்றாவது, நேர்மையான கணக்கு. வரும் நன்கொடை ஒவ்வொன்றும் பலகையில் எழுதப்பட வேண்டும். நான்காவது, எல்லாரையும் உட்காரவைக்கும் மனம். ஒரு சாதியின் குழு, ஒரு கட்சியின் குழு, ஒரு மதத்தின் குழு என்று பெயர் வந்த நாளிலேயே ஆறு தோற்றுவிடும். நீர் சுமக்கும் பெண்கள் இல்லாத குழுவுக்கு நீரைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

வழிகளும் நம் கையில் உள்ளன. ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, தமிழகக் கிராமங்களில் கிராமசபை கூடுகிறது. நம் சுற்றுவட்டார ஊராட்சிகளில் அன்று வரத்துக் கால்வாய்களின் நிலையைத் தீர்மானமாகவே வைக்கலாம். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விவரம் கேட்க 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. எதற்கும் அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. மலைப்பகுதி 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே ஆறு பிறக்கும் இடத்துக்குச் சட்டக் காவல் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிய பிறகு அதற்குக் காவல் நாம்தான். நம் மாவட்டத்துக் கௌசிகா நதி விருதுநகரின் கழிவுநீரைச் சுமந்து குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் சேர்வதைப் பார்த்தாலே, காவல் இல்லாத ஆறு என்னவாகும் என்பது தெரியும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீரைப் பெறுவதை அடிப்படை மனித உரிமை என்று குறிப்பிட்டார். நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் படித்து முடித்தபின் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: நம் கண்மாய்க்கு நீர் வரும் ஓடையின் பெயர் என்ன? அது எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது? விடை தெரியாவிட்டால், அடுத்த விடுமுறை நாளில் முதியவர் ஒருவரையும், பள்ளிப் பிள்ளைகள் சிலரையும், அக்கம்பக்கத்துப் பிற சமயச் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு அந்த ஓடை நெடுக நடந்து பார்க்கலாம். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பங்குப்பேரவையில் ஒருவர் அந்தக் குறிப்பேட்டுக்குப் பொறுப்பேற்கட்டும்.

பாலாற்றுக்கரையிலும் நொய்யல் கரையிலும் வேலை இப்படித்தான் தொடங்கியது. வைப்பாறு முகத்துவாரத்தில் வலை காயவைக்கும் மீனவர் நம்மை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. நாம் அடைப்பெடுத்துவிட்ட ஓடையின் நீர், நல்ல மழை ஆண்டு ஒன்றில், அவர் ஊர்வரை போகும்.